ரோடு வருதுங்கறாங்க, பூமி வெல ஏறுமா?

நம்ம கொங்குப் பக்கம் புது ரோடு ஒண்ணு வருதுன்னா கெசட்டுல வர்றதுக்கு முன்னாடியே டீக்கடைக்கு வந்துரும், அதுக்கும் முன்னாடி புரோக்கர் போன்ல வந்துரும். "அண்ணா, இந்த வழியாத்தானுங்க எட்டுவழி போகுது, இன்னைக்கு சென்ட்டு இந்த ரேட்டு, ரெண்டு வருசத்துல டபுளுங்." இதக் கேக்கறவங்க எல்லாரும் ரெண்டு விசயத்த நம்பறாங்க. ரோடு வந்தா போற நேரம் கொறையும், பக்கத்துல இருக்கற பூமி வெல ஏறும். ரெண்டுமே நடக்கறதுதான். ஆனா ரோடு நெடுக நடக்கறது இல்லீங்க, அந்த ரோட்டுல எங்க ஏறலாம் எங்க எறங்கலாம்னு இருக்கற நாலஞ்சு எடத்தச் சுத்தித்தான் நடக்குது. இது தெரியாம அட்வான்ஸ் குடுத்துப்போட்டு முழிக்கறவங்க நெறைய பேரு.

நாம பேச்சு வாக்குல பெரிய ரோடு எல்லாத்தையும் எக்ஸ்பிரஸ்வேன்னு சொல்லிப்போடறோம். சேலத்துல இருந்து சங்ககிரி, பவானி, பெருந்துறை, செங்கப்பள்ளி, அவிநாசி, நீலாம்பூர்னு வந்து வாளையார் தாண்டி கொச்சி போற என்.எச். 544, பெருசுங்க இன்னும் 47-ன்னே சொல்ற ரோடு, நல்ல ரோடுதான். ஆனா அதுல டூவீலர் போகுது, டிராக்டர் போகுது, ராங் சைடுல புல்லுக்கட்ட வெச்சுட்டு எக்ஸ்எல் வருது. எக்ஸ்பிரஸ்வேன்னா ரெண்டு பக்கமும் வேலி போட்டு, இன்டர்சேஞ்ச் இருக்கற எடத்துல மட்டும் ஏறி எறங்கற ரோடு. பெங்களூர்-சென்னை எக்ஸ்பிரஸ்வே 262 கிலோமீட்டர், 120 கிலோமீட்டர் வேகத்துக்குனு டிசைன் பண்ணினது. பெங்களூர்-மைசூர் ரோட்டுல 2023 ஆகஸ்ட்ல இருந்து மெயின் ரோட்டுல டூவீலர், ஆட்டோ, டிராக்டர் எதையும் விடறதில்ல. அப்ப ஒரு விவசாயிக்கு தன்னோட காட்டு ஓரமா போற ரோட்டுல தன்னோட வண்டியவே ஓட்ட முடியாதுன்னு அர்த்தம். இத மனசுல வெச்சுட்டு மத்ததப் பாக்கலாம்.

நேரக் கணக்கு மொதல்ல. கோயமுத்தூர்-சேலம் சுமாரா 160 கிலோமீட்டர்னு வெச்சுக்குங்க. சராசரி 60-ல போனா 2 மணி 40 நிமிசம். அதே 80-ன்னா 2 மணி நேரம், 40 நிமிசம் மிச்சம். 100-ன்னா 1 மணி 36 நிமிசம், இப்ப மிச்சம் 24 நிமிசந்தான். 120-க்குப் போனா 1 மணி 20 நிமிசம், மிச்சம் வெறும் 16. ஒவ்வொரு தடவையும் 20 கிலோமீட்டர் வேகந்தான் ஏத்தறோம், ஆனா கெடைக்கற லாபம் சுருங்கிட்டே போகுது. அதனால ஏற்கனவே ஓரளவு நல்ல நாலுவழி இருக்கற எடத்துல இன்னொரு பெரிய ரோடு போட்டா கெடைக்கறது கொஞ்சம், பல்லடம், காங்கயம் வழியா கரூர் போற ரோடு மாதிரி ஊருக்கு ஊர் நின்னு நின்னு போற ரோட்ட சரி பண்ணினா கெடைக்கறது நெறைய. பேப்பர்ல வர்ற "பயண நேரம் பாதியாகும்"ங்கற வரியப் படிக்கறப்ப எந்த வேகத்துல இருந்து எந்த வேகத்துக்குனு கேக்கோணும்.

அடுத்து இந்த நேரத்த அளக்கறது எங்கிருந்து எங்கவரைக்கும்னு பாக்கோணும். இன்ஜினியர் அளக்கறது ரோடு ஆரம்பிக்கற எடத்துல இருந்து முடியற எடம் வரைக்கும், நாம போறது வீட்டு வாசல்ல இருந்து வேல நடக்கற எடம் வரைக்கும். கோயமுத்தூர்ல அவிநாசி ரோட்டு மேம்பாலம் உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர், 2025 அக்டோபர்ல தொறந்து ஜி.டி.நாயுடு பேரு வெச்சாங்க. மேல ஏறிட்டா சிக்னலே இல்லாம பறக்கலாம், அதுல எந்த சந்தேகமும் இல்ல. ஆனா ஒரே நேரத்துல அத்தன வண்டியும் மேல இருந்து வந்து கீழ எறங்கற எடம் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் வாங்கும், நடுவுல மிச்சமான நேரத்துல ஒரு பங்க எறக்கத்துல குடுத்துத்தான் ஆகோணும். எல்லா ஊர்லயும் இப்படித்தான், பாலம் நெரிசல அழிக்கறத விட நகத்தறதுதான் ஜாஸ்தி.

எல் அண்ட் டி பைபாஸ் இதுக்கு இன்னொரு பாடம். நீலாம்பூர்ல இருந்து மதுக்கரை வரைக்கும் சுமார் 28 கிலோமீட்டர், ஊருக்குள்ள வராம கேரளா போற லாரிக்குனு தனியார் முதலீட்டுல போட்டு டோல் வாங்கின ரோடு, நாட்டுலயே அந்த மாதிரி ஆரம்ப காலத்துல வந்ததுல ஒண்ணு. அந்தக் காலத்துக்கு அது பெரிய விசயம். ஆனா ரொம்ப வருசமா ரெண்டு வழிதான். செங்கப்பள்ளில இருந்து ஆறுவழில வர்ற வண்டி எல்லாம் நீலாம்பூர் தாண்டுனதும் புனல்ல ஊத்தின மாதிரி அதுக்குள்ள போகோணும். சிந்தாமணிப்புதூர்ல திருச்சி ரோடு, ஈச்சனாரில பொள்ளாச்சி ரோடு குறுக்க வருது. ரோடு போட்ட பிறகு ரெண்டு பக்கமும் கல்யாண மண்டபம், குடோன், சைட், ஓட்டல்னு மொளைச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாசல் ரோட்டப் பாத்துத் தொறந்தாச்சு. பைபாஸா இருந்தது ஊர் ரோடாவே ஆகிப்போச்சு. இதுலதான் சூட்சுமமே இருக்கு, பூமி வெல ஏறறதுக்கு என்ன காரணமோ அதேதான் நேரம் கூடறதுக்கும் காரணம். வாசல் தொறக்கத் தொறக்க வெல ஏறும், வேகம் கொறையும். ரெண்டும் ஒண்ணா ரொம்ப நாளைக்கு நிக்காது.

லாரிக்காரங்க கிட்ட கேட்டா அவங்க கணக்கே வேற. லோடு வண்டி 100-லயும் 120-லயும் போகப்போறதில்ல. அவங்களுக்கு வேண்டியது நிக்காம போறது, கியர் மாத்தி மாத்தி டீசல் கொட்டாம போறது, எல்லாத்துக்கும் மேல எத்தன மணிக்குச் சேருவோம்னு உறுதியாச் சொல்ல முடியறது. திருப்பூர்ல இருந்து பனியன் கன்டெய்னர் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகுதுன்னா கப்பல்ல ஏத்தறதுக்கு ஒரு கெடு இருக்கு. ரோடு சில நாள் எட்டு மணி நேரம் சில நாள் பன்னண்டு மணி நேரம்னு இருந்தா கம்பெனிக்காரர் பன்னண்டுன்னு வெச்சுத்தான் வண்டிய கெளப்புவாரு, அதுக்கேத்த மாதிரி தைக்கறதயும் அயர்ன் பண்றதயும் முன்னாடியே முடிக்கோணும். எல்லா நாளும் ஒம்போதுன்னு உறுதியா ஆனா சராசரி பெருசா மாறாட்டியும் அவருக்கு மூணு மணி நேரம் லாபம். இந்த உறுதிக்குத்தான் நாமக்கல், சங்ககிரிக்காரங்க டோலக் குடுக்கறாங்க, என்னதான் திட்டுனாலும்.

இன்னொண்ணு சொல்றேன், ரோட்டப் பத்தின பேச்சுல யாரும் சேக்கறதில்ல. வாளையார் செக்போஸ்ட்ல லாரி மணிக்கணக்கா, சில சமயம் நாள்கணக்கா வரிசைல நின்ன காலம் ஞாபகம் இருக்கும். 2017 ஜூலைல ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரி செக்போஸ்ட் போனதும் அந்த வரிசை போச்சு. ஒரு தட்டு ஜல்லி கொட்டாம கெடைச்ச நேரம் அது. அதுக்கப்புறந்தான் மாநிலத்துக்கு ஒரு குடோன்ங்கறது போயி பெரிய குடோன் ஒண்ணு ஹைவே ஓரமா இருந்தாப் போதும்னு கம்பெனிக யோசிச்சது. நீலாம்பூர், அரசூர், கருமத்தம்பட்டிப் பக்கம் பூமிக்கு இருக்கற மவுசுல ரோட்டுக்கு மட்டும் இல்ல இந்த வரி மாத்தத்துக்கும் பங்கு உண்டு, பக்கத்துல ஏர்போர்ட்டுக்கும் உண்டு.

நேரம் மிச்சமானவங்க இருந்தா நேரம் போனவங்களும் இருக்கறாங்க. ராத்திரி சேலத்துல பஸ் ஏறி பெருந்துறைக்கோ அவிநாசிக்கோ டிக்கெட் கேட்டுப் பாத்தவங்களுக்குத் தெரியும், "பைபாஸ் வண்டிங்க, உள்ள போகாது." ஏத்துனா பாலத்து மேல எறக்கி விட்டுருவாங்க, பேக்கத் தூக்கிட்டு இருட்டுல சர்வீஸ் ரோட்டுக்கு எறங்கி ஆட்டோ தேடோணும். கோயமுத்தூர் போறவருக்கு இருபது நிமிசம் லாபம், அவிநாசிக்காரருக்கு அர மணி நேரம் நட்டம். சராசரில பாத்தா ரோடு நல்லதுன்னுதான் வரும்.

இனி பூமி வெல. ரயில் பாதை ஓரத்துல வீடு இருந்தா சத்தந்தான் கெடைக்கும், ஸ்டேஷன் பக்கத்துல இருந்தாத்தான் மதிப்பு, அதே கததான் எக்ஸ்பிரஸ்வேக்கும். வேலிக்கு இந்தப்பக்கம் இருக்கற பத்து ஏக்கர் தென்னந்தோப்புக்கு ரோட்டுல ஏறவே வழி கெடையாது, அடுத்த இன்டர்சேஞ்ச் பன்னண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தா அதுக்கு அந்த ரோடு இருக்கறதும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான். சாதாரண என்.எச். ஓரத்துல கூட நெனச்ச எடத்துல வாசல் வெக்க முடியாது. 2002-ல வந்த தேசிய நெடுஞ்சாலை நிலம், போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ரோட்டுல இணையறதுக்கு அனுமதி வாங்கோணும், பெட்ரோல் பங்க்கா இருந்தாலும் சரி ஓட்டலா இருந்தாலும் சரி. அது போக ரோட்டு நடுக்கோட்டுல இருந்து குறிப்பிட்ட தூரத்துக்குக் கட்டடமே வரக்கூடாதுன்னு வேற விதி இருக்கு. "ஹைவே ஃபேசிங்"னு விளம்பரத்துல போடறது கண்ணால ரோட்டப் பாக்கலாம்ங்கற அளவுக்குத்தான் பல சமயம் உண்மை.

வெல ஏறற காலமும் நாம நெனைக்கற மாதிரி இல்ல. ரோடு தொறக்கறப்ப ஏறும்னு நெனைக்கறோம். பெரும்பாலும் பெரிய தாவல் பேச்சு அடிபடறப்பவே முடிஞ்சுரும், அப்ப வாங்கறது விசயம் முன்னாடியே தெரிஞ்சவங்க. அப்புறம் சர்வே நடக்கும், எந்த சர்வே நம்பர் வழியா போகும்னு யாருக்கும் உறுதியாத் தெரியாத காலம், இதுதான் ரொம்ப மோசமான காலம். கல்லு நட்ட பூமிய யாரும் வாங்க மாட்டாங்க, பேங்க்ல லோன் கேட்டா யோசிப்பாங்க, பையன் கல்யாணத்துக்கோ புள்ள படிப்புக்கோ விக்கலாம்னு இருந்தவங்க அப்படியே நின்னுருவாங்க. சேலம்-சென்னை எட்டுவழிய எடுத்துக்குங்க. 2018-ல அறிவிச்சாங்க, 277.3 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய்னு சொன்னாங்க. சேலத்துல தோட்டங்காட்டுல கல்லு நட்டாங்க, சனங்க புடுங்கிப் போட்டாங்க. 2019 ஏப்ரல் 8-ல சென்னை ஐகோர்ட் நிலம் எடுக்கற அறிவிக்கைய ரத்து பண்ணுச்சு, 2020 டிசம்பர் 8-ல சுப்ரீம் கோர்ட் அறிவிக்கை செல்லும்னுச்சு. இதுக்கெடையில ரோடு வரும்னு வாங்கினவருக்கும் ரோடு வேண்டாம்னு நின்னவருக்கும் போன வருசங்க போனதுதான். அதுக்கு முன்னாடி கெயில் கேஸ் குழாய், அப்புறம் பவர் கிரிட் கரண்ட் டவர்னு பாத்த ஊருங்க நம்மளுது. அந்த ரெண்டுலயும் பூமி நம்ம பேர்லயே இருக்கும், ஆனா மேல மரம் வெக்க முடியாது, வெல மட்டும் எறங்கிரும். அதனால நம்ம விவசாயி ரோடுன்னு சொன்னதும் எதுத்து நிக்கறத வளர்ச்சிக்கு எதிரின்னு சொல்றது எனக்கு சரியாப் படல, அவங்க அனுபவத்துல இருந்து பேசறாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கோணும். 1956-ம் வருச தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்துல இந்த பூமிய எடுக்கப்போறோம்னு சொல்ற 3ஏ அறிவிக்கை மொதல்ல வரும், அதுல இருந்து 21 நாளைக்குள்ள ஆட்சேபணை குடுக்கலாம். அப்புறம் பூமிய எடுத்தாச்சுன்னு சொல்ற 3டி, அது கெசட்டுல வந்த நிமிசம் பூமி மத்திய அரசுக்குப் போயிரும். 3ஏ வந்து ஒரு வருசத்துக்குள்ள 3டி வரலீன்னா, கோர்ட் தடை இருந்த காலம் போக, 3ஏ காலாவதி. நட்ட ஈடு 2013-ம் வருச நிலம் எடுப்புச் சட்டத்துக் கணக்குல வரும். சந்தை மதிப்பு, கிராமமா இருந்தா அத 1-ல இருந்து 2 வரைக்கும் ஒரு எண்ணால பெருக்கி, அதுக்கு மேல நூறு சதவீதம் ஆறுதல் தொகை. 2019-ல சுப்ரீம் கோர்ட், நெடுஞ்சாலைச் சட்டத்துல எடுத்த பூமிக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் உண்டுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு.

இங்கதான் நம்மாளுங்க மாட்டிக்கறது. சந்தை மதிப்ப எப்படிக் கண்டுபுடிப்பாங்க? பத்திரப் பதிவுக்குனு அரசாங்கம் வெச்சிருக்கற கைடுலைன் வேல்யூ எவ்வளவுன்னு பாப்பாங்க, அந்தப் பக்கத்துல முந்தின மூணு வருசத்துல பதிவான கிரையப் பத்திரத்துல அதிக வெல போட்ட பாதியோட சராசரி எவ்வளவுன்னு பாப்பாங்க, எது ஜாஸ்தியோ அது. ஆனா நம்மூர்ல பத்திரத்துல யாரு நெசமான வெலையப் போடறாங்க? முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக மொத்தம் 9 சதவீதத்த மிச்சம் பண்ணறோம்னு எல்லாரும் கைடுலைனுக்கே எழுதறது, மிச்சம் கைல. சும்மா ஒரு கணக்கு: ஏக்கர் நெசத்துல ஒரு கோடி, பத்திரத்துல 20 லட்சம். பெருக்கற எண் ஒண்ணரைன்னு வெச்சா 30 லட்சம், ஆறுதல் தொகையோட 60 லட்சம். கேக்க மூணு மடங்கு மாதிரி இருக்கும், ஆனா அதே ஊர்ல அதே மாதிரி பூமி வாங்கப் போனா ஒரு கோடி வேணும். ஊரே சேந்து பத்து வருசமா கம்மியா எழுதுனதுக்கு வட்டி போட்டு கட்டறது பூமி போனவரு ஒருத்தர்தான், அவரு பத்திரமே எழுதாத பரம்பரைப் பூமிக்காரரா இருந்தாலும் சரி. விதியில ஒரு நல்ல விசயம், 2013 சட்டத்துப்படி வர்ற இந்தத் தொகைக்கு வருமான வரி இல்ல. தொகை பத்தலீன்னா மத்தியஸ்தருகிட்ட போகலாம், அது பெரும்பாலும் கலெக்டர்தான்.

ஆனா முழுசா போனவர விட பாதி போனவருக்குத்தான் கஷ்டம் ஜாஸ்திங்கறது என் எண்ணம். தோட்டத்த ரோடு கோணலா வெட்டிட்டுப் போகும். கெணறும் போர்வெல்லும் அந்தப்பக்கம், மரம் இந்தப்பக்கம், சொட்டுநீர் பைப்பு அந்து கெடக்கும், ஒரு மூலைல அம்பது சென்ட் முக்கோணமா நிக்கும், அதுல டிராக்டர் திரும்பக்கூட எடம் இருக்காது. மாட்ட ஓட்டிட்டுப் போக அண்டர்பாஸ் ஒரு கிலோமீட்டர் தள்ளி. மழை வந்தா தண்ணி போற பழைய பள்ளத்துக்கு குறுக்க ரோட்டு மேடு நிக்கும், குழாய்ப்பாலம் சின்னதா வெச்சிருந்தா மேல்பக்கத்துக் காடு பூரா குளமாயிரும். இப்படித் துண்டானதுக்கும் தனியா ஈடு கேக்கலாம்னு சட்டத்துல இருக்கு, கேக்கறவங்க கொஞ்சந்தான். பி.ஏ.பி.ங்கற பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துல இருக்கறவங்க கிளை வாய்க்கால் எங்க குறுக்க வருதுன்னு 21 நாளைக்குள்ளயே எழுதிக் குடுத்துரோணும், ரோடு போட்ட பிறகு கேட்டா நடக்காது.

பழைய ரோட்டுக் கடைக்காரங்க நெலமையும் இருக்கு. பெங்களூர்-மைசூர் ரோடு 2023-ல தொறந்ததும் சென்னபட்டணம் மரப்பொம்மைக் கடைக்காரங்களும் மத்தூர் வடைக்காரங்களும் யாவாரம் படுத்துருச்சுன்னு பொலம்புனாங்க, ஏன்னா வண்டிக எல்லாம் ஊர வெளிய சுத்திப் போயிருச்சு. நம்ம பக்கம் பஸ் நின்னு டீ குடிச்ச எத்தன ஊர் முக்கு இப்ப காத்தாடுது. ஆனா அதே ஊருக்குள்ள குடியிருக்கற வீட்டுக்காரங்களுக்கு லாரி சத்தம் போயி, புகை போயி, வீட்டு வாடகை கொஞ்சம் நல்லாவே ஆகுது. கடை மதிப்பு எறங்கி வீட்டு மதிப்பு ஏறறது ஒரே தெருவுல நடக்கும்.

வாங்கணும்னு இருக்கறவங்க புரோக்கர் சொல்ற "ரெண்டு வருசத்துல டபுள்" கணக்க கொஞ்சம் போட்டுப் பாருங்க. 50 லட்சத்த 9 சதவீத வட்டிக்கு கடன் வாங்கிப் போட்டா எட்டு வருசத்துல அதுவே ஒரு கோடி ஆயிரும், அதனால எட்டு வருசத்துல பூமி டபுள் ஆனாக்கூட உங்க கைல ஒண்ணும் நிக்காது, கெட்டும் போகாது, அவ்வளவுதான். இந்த நாட்டுல ஒரு ரோடு பேச்சுல இருந்து தார் போடற வரைக்கும் எட்டு வருசம் ஆகறது சாதாரணம். அதனால 3ஏ கெசட்ட எடுத்து உங்க சர்வே நம்பர் உட்பிரிவோட அதுல இருக்கான்னு பாருங்க, புல வரைபடத்த வெச்சு ரோடு எந்த மூலைய வெட்டுதுன்னு பாருங்க, இன்டர்சேஞ்ச் எங்கன்னு திட்ட வரைபடத்துல கண்டுபுடிச்சு அங்கிருந்து உங்க சைட்டுக்கு வர்ற தடம் பஞ்சாயத்து ரோடா இல்ல யாரோ ஒருத்தரு பட்டாவுல போற இட்டேரியான்னு (வேலிக்கு நடுவுல போற காட்டுத் தடம்) தாலூக்கா ஆபீஸ்ல கேளுங்க. டி.டி.சி.பி.ங்கற நகர் ஊரமைப்புத் துறை அப்ரூவல் இல்லாத சைட்டுன்னா ரோடு எத்தன வழியா இருந்தாலும் எந்திரிச்சு வந்துருங்க. சைட் போட்டவரு காருல கூட்டிட்டுப் போய் காட்டுனா காலைல ஏழு மணிக்குத்தான் காட்டுவாரு, நீங்க சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க வண்டியிலயே ஒருக்கா போய்ப் பாருங்க.